நான் தேய்த்தெடுத்த முத்திரை

நவம்பர் 9, ஞாயிறு.

எதிர் ஃபிளாட் வங்காளிகள் குழந்தைக்கு இன்று முதன்முதலாகச் சோறு ஊட்டினார்கள். பேனா, புத்தகம், மண், நகை எல்லாம் தட்டில் வைத்து, எதை எடுக்கிறாள் என்று பார்ப்பது இவர்கள் வழக்கம். அந்தச் சின்ன மரத்தட்டு நான் செய்தது. ஆபீஸுக்குச் சரக்கு அடுக்கி வந்த மரப்பலகைச் சட்டத்தை, பேலட்டை, பிரித்து, இழைத்துச் செய்தேன்.

குழந்தை எதையும் எடுக்கவில்லை. தட்டையே இழுத்து விளிம்பைக் கடித்தாள். "ஏ தோ மிஸ்திரி ஹோபே!" என்று அவள் அம்மா, நாங்கள் பௌதி (அண்ணி) என்று கூப்பிடுபவர், சிரித்தார். தச்சுவேலைக்குத்தான் போவாளாம். எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பூச்சி வராமலிருக்க சில பேலட்டுகளைச் சூடாக்குவார்கள், சிலவற்றுக்கு விஷப்புகை போடுவார்கள். எது என்பதை ஓரத்து முத்திரைதான் சொல்லும். அசிங்கமாக இருக்கிறதென்று அதைப் படிக்காமலே உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்.

மனைவி சுமதியிடம் சொன்னேன். "இப்பவே போய் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

போனேன். ஊருக்கு அனுப்ப ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். தட்டை எடுத்தால் அழுகிறாள், காலையில் தருகிறேன் என்றார் பௌதி.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எப்படிச் சொன்னேன், சரி என்று?