நடுவில் மட்டும் அழுத்து

அப்பாவுக்குச் சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? லண்டனில் நான் சுகம்.

நேற்று ஆஸ்பத்திரி டியூட்டியில் ஒரு வயதான அம்மாள், தன் மகள் எப்போது வருவாள் என்று கேட்டார். ‘டுமாரோ’ என்றேன். வழக்கம்போல என் இங்கிலீஷ் புரியாமல் விழித்தார். நடுவில் மட்டும் அழுத்தி, மற்றதைத் தணித்துச் சொல்லச் சொன்னாள் கூட இருந்த நர்ஸ்.

சட்டென்று நீங்கள் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தபடி கத்துவது நினைவு வந்தது: “முக்கூ...டல்! எறங்குதவுக முன்னால வாங்க!” அதே மாதிரி ‘டுமா...ரோ’ என்றேன். அம்மாள் உடனே, மகள் வருமுன் தலைவாரச் சீப்பு கேட்டார்! அதே வார்த்தைதான் அப்பா. ஓரிடத்தில் அழுத்தினால் இப்படித் திறந்துகொள்ளுமா? பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை பஸ் முக்கூடல் வரும்போது நீங்கள் கூப்பிடுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே பஸ்ஸில் மெஷின்தான் ஊர்ப்பெயர் சொல்கிறது. எந்த ஊருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சுகிர்தா