எந்த முனை என்று கேட்கவில்லை

இன்று காலை பேனா தேடி மேசை இழுப்பறையைத் திறந்தபோது விரல் நுனியில் நீலப் பொடி ஒட்டிக்கொண்டது. உன் நங்கூரக் கயிற்றின் பொடி. யாரும் தொடாமலே அது உதிர்ந்துகொண்டிருக்கிறது. கைகழுவ எழுந்தவன் கழுவாமலே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டியதை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இன்றாவது எழுதிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நீ கடலுக்குப் போனாய், நான் ஊருக்குத் தெற்கே ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து உனக்கு நான் "ஊசி போடத் தெரியாத டாக்டரு". ஞாயிற்றுக்கிழமை நான் கரைக்கு வந்தால், கூடையை ஏலத்துக்குத் தூக்கும் முன்பே இருப்பதில் நல்ல மீனை எடுத்து ஓரமாக வைப்பாய். "மொதல்ல தோஸ்து வூட்டுக்கு. அப்பால தான் ஏலம்." நானும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒருநாள் படகு நிழலில் உட்கார்ந்துகொண்டு, அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டாய். நைலான், பிளாஸ்டிக், உன் கயிறு எல்லாமே பாலிமர், கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள் என்றேன். அதிதீவிரப் புற ஊதா லேசரை அவற்றின்மேல் பாய்ச்சி, சங்கிலி எப்படி அறுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால், காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள்தான் எல்லாம் நடக்கும். ஆழமாக இறங்காது, மேல்தோலில் இருக்கும் சங்கிலிகளைத்தான் வெட்டும். வெட்டுப்பட்ட துணுக்குகள் வாயுவாகக் கிளம்பிப் போய்விடும். வெயிலிலும் இந்தக் கதிருக்குச் சாதுவான ஒரு பங்காளி உண்டு, அவன் காற்றோடு கூட்டுச் சேர்ந்து, வருடக்கணக்கில் நிதானமாக அறுப்பான் என்றேன். நீ சிரித்தாய்.

"வெயிலு கயித்தயே அறுக்கும்னா, நம்மள மட்டும் இன்னாத்துக்குடா வுட்டு வெச்சிகீது?"

சிரித்தாயே தவிர, விஷயம் உன் மனதில் தைத்துவிட்டது. அந்த ஆடியில் ஒரு முழக் கயிற்றைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாய். "நங்கூரக் கயிறுடா. புடிச்சா கைல பொடி ஒட்டுது. இந்த மழைக்காலம் தாங்குமானு உன் மிசின்ல போட்டுப் பாத்துச் சொல்லு."

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்கு எந்த மாதிரித் துண்டு வந்தாலும் முதல் கேள்வி, ஒளி பட்ட பக்கம் எது என்பதுதான். அந்தப் பக்கத்தைக் குறிக்காமல் படலத்தைப் பெட்டிக்குள் வைத்த ஒரு மாணவியை நான் அழவைத்திருக்கிறேன். அவ்வளவு கறார் பேர்வழி. ஆனால் உன் துண்டை எடுத்தபோது என் கையில் பொடியே ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். இழுத்துப் பார்க்கும் எந்திரத்தில் மாட்டினேன், புதுக்கயிறு போலத் தாங்கியது. உடனே உன்னைக் கூப்பிட்டு, "பயப்படாம வெச்சுக்கோடா" என்றேன்.

"நீ சொன்னா சர்தான் டாக்டரு."

ஐப்பசியில் ஒரு விடிகாலை, எர்ணாவூர் பக்கம் கரையை நெருங்கும்போது உன் என்ஜின் நின்றது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளை நோக்கி அலை படகைத் தள்ளியது. நங்கூரம் போட்டாய். நங்கூரம் பிடித்தது, கயிறு பிடிக்கவில்லை. கூட இருந்த இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். நீ ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன் மனைவியிடம் கேட்டேன், எனக்குக் கொடுத்த துண்டை எங்கிருந்து வெட்டினான் என்று. கயிற்றின் பெரும்பகுதி படகின் முன்புற அணியத்தில் சுருளாக வெயிலில் கிடக்கும். அடிமுனை மட்டும் பலகைக்கு உள்ளே நிழலில் கட்டியிருக்கும்.

"உள்ளேருந்துதாண்ணா வெட்டுனாரு. வெளில கீறதுல வெட்டேன்னு நான்கூட சொன்னேன். 'எல்லாம் ஒரே கயிறுதானே, டாக்டரு கைல கலீஜானதயா குடுப்பாங்க'ன்னாரு."

மீனில் நல்லதை எடுத்து வைத்த அதே கை. அன்று அவள் முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. படகில் மிஞ்சியிருந்த அறுந்த முனையை அவளிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வருகிறேன். உன் ஆட்கள் கயிறு கொண்டுவந்து காட்டுகிறார்கள். முதல் தடவை எல்லோரும் சுத்தமான முனையைத்தான் நீட்டுகிறார்கள். வெயில் தின்ற இடத்தை வெட்டிக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். "இன்னா சார் பேஜாரு பண்றே" என்று முனகிக்கொண்டே போகிறார்கள். திரும்பி வருகிறார்கள். போன வாரம் நான்கு கயிறுகளைக் கழிக்கச் சொன்னேன்.

இரண்டு துண்டும் என் இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நீ கொடுத்தது இன்னும் பளபளவென்று இருக்கிறது. நல்ல முனையை எனக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நம்பி நீ கடலுக்குப் போயிருக்கிறாய். எந்த முனைடா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.