காற்றுப் பார்க்க நட்ட கம்பு

சேசு மரி சூசை துணை

மணற்காடு,
மே 1990.

டென்மார்க்கில் இருக்கும் லியோன் அறிய எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் கடவுள் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. நடுக்கடலில் பலகையொன்றில் ஏறி, பாயைப் பிடித்துக்கொண்டு, பல்லு முழுக்கத் தெரிய நிற்கிற படத்தை அனுப்பியிருக்கிறாய், அதைப் பார்த்தாலே உன் சுகம் தெரிகிறது. எங்களுடைய சுகத்துக்குத்தான் அங்கே இருந்துகொண்டே ஆள் அனுப்பி வேட்டு வைத்துவிட்டாய்.

உன் முதலாளி யென்ஸ் துரை வந்து போனார். பாய்ப்பலகை செய்து விற்கிற மனுசன், பனிக்காலத்தில் தன்னுடைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பலகை ஓட ஒரு கரை தேடுகிறார், எங்கள் ஊரில் காற்றும் அலையும் நல்லது என்று நான் சொல்லியிருக்கிறேன், எந்தக் கரை நல்லதென்று எழுதுங்கோ என்று தை மாதம் கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் விளங்கிக்கொள்வாய் என்று நினைத்தது என் மடைத்தனம். நீ உன்னோடு படித்த கொடிகாமத்துக் கனகலிங்கத்தைப் பிடித்துவிட்டாய். அவன் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றுகிற வான் வண்டியில் துரையை ஏற்றிக்கொண்டு கரை கரையாகத் திரிந்திருக்கிறான். கீரிமலையில் சனம் கேணியில் முழுகிக்கொண்டிருக்க இவர் கடலைப் பார்த்து, முழுக்கக் கல்லு, பலகை உடையும் என்றாராம். காரைநகரில் முழங்கால் தண்ணீர், அலையே இல்லை என்றாராம், அங்கே நேவிக்காரன் இவரைப் பார்த்த பார்வையில் கனகலிங்கத்துக்கு வேர்த்து ஊற்றியதாம். தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் இழுவை கூடுதல் என்றாராம். இதையெல்லாம் நான் வீட்டுக்குள் இருந்தே சொல்லியிருப்பேன், என்னைக் கேட்டிருந்தால். கேட்டாய்தான், நான் சொல்லவில்லைதான், அது வேறு கதை. கடைசியில் எங்கள் கரைக்கு வந்து, கல்லில்லாத மணல், நீட்டுக் கரை, இதுதான் இடம் என்று துள்ளினாராம். இது இடம் என்று சொல்ல அவர் யார்?

இனித்தான் உன் கெட்டித்தனம். நல்ல பாடாய்ப் பார்த்து ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டி, காற்று எப்படி வருகிறதென்று பாருங்கோ என்று கனகலிங்கத்துக்குச் சொல்லிவிட்டது நீதானே. பாடு என்ற சொல் மட்டும் உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பாடு என்றால் கரைவலை வளைக்கிற இடம் என்பதும், அன்றைக்கு முறைக்காரன் எவனோ அவன் விடியக் கம்பு நட்டுத் துணி கட்டுவான் என்பதும், கம்பு நிற்கிற பாட்டில் அவனுக்குத்தான் முதல் வளைப்பு, மற்றவன் அந்தக் கம்பைக் கையால் தொடவும் மாட்டான் என்பதும் டென்மார்க் குளிரில் உறைந்துபோய்விட்டதா? கொடிகாமத்துக்காரனுக்குத் தெரியாது, அவன் பிழை இல்லை. வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, அவன் பிழையும் இல்லை. தெரிந்த நீதான் அந்தக் கம்பை உன் கையால் நட்டது மாதிரி.

அன்றைக்கு முறை செபமாலையுடையது. பக்கத்து வலையின் சொந்தக்காரச் சம்மாட்டி, பிடித்தால் விடாத சாதி மனுசன், உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அம்மாவின் கண்ணைக் காட்டப் பருத்தித்துறைக்குப் போயிருந்தேன். செபமாலை ஆட்களோடு வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தால் பாட்டுக்கு நடுவில் சிவப்புத் துணியோடு ஒரு கம்பு நிற்கிறது. யாருடைய கம்பு என்று கேட்டிருக்கிறான். கனகலிங்கம் பெரிய பெருமையாக, நீக்கிலாப்பிள்ளையற்றை மகன் லியோன் நடச்சொன்னவன் என்றிருக்கிறான். அவ்வளவுதான். செபமாலை மணலில் குந்திவிட்டான், அவன் ஆட்களும் குந்திவிட்டார்கள். எங்கள் வலை வந்து வளைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்க, முறை எங்களுடையதில்லை என்று எங்கள் ஆட்கள் வீட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வந்ததே ஒரு பாரை மீன் கூட்டம், கரையோடு கரையாக, தண்ணீரே கறுத்துப்போய். ஒருத்தரும் வலை இறக்கவில்லை. கம்பு நிற்கிறதே, யார் இறக்குவது? எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மீன் தெற்கே எங்கள் நாகர்கோவில் கரைப் பக்கம் திரும்பிப் போனது. உன் துரை அதைப் படம் பிடித்தாராம். பிறகு கம்பைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போனாராம்.

அந்தோனியார் கோயில் வாசலில் மீன்பிடிச் சங்கம் கூடியது. முறை மாறிக் கம்பு நட்டால் அந்த வலை இந்த வருடம் முழுக்கக் கரையில் கிடக்கவேண்டும், அதுதான் எங்கள் சட்டம், நானே இன்னொருத்தனுக்கு அதைப் போட்டிருக்கிறேன். சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் படுத்திருக்கிற இந்த மாதங்களை விட்டால் கரைவலைக்கு வேறு காலம் ஏது? என் வலையை நம்பி இருக்கிற குடும்பங்களை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? அது ஒரு பரதேசி நட்ட கம்பு, காற்றுப் பார்க்க நட்டது, வலைக்கு நட்டதில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். செபமாலை சத்தம் போடவே இல்லை. உங்கடை வலையிலை லியோனுக்கு ஒரு பங்கு கிடக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும், பங்காளி நடச்சொன்ன கம்பு வலையின்ரை கம்பு, இதிலை என்ன கிடக்கு கதைக்க என்றான். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க ஒருத்தராலும் முடியவில்லை. உனக்கு அந்தப் பங்கை நீ போன பிறகும் விடாமல் வைத்திருந்தது நான்தான். சத்தியம் பண்ணச் சொல்லி என்னை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

லியோன் எண்டு என்ரை வலையிலை ஒருத்தரும் இல்லை என்று சொன்னேன்.

வலையிலை இல்லை, சரி, வீட்டிலை? என்று கேட்டான் செபமாலை.

வீட்டிலையும் இல்லை என்று சொன்னேன். பெண்கள் நின்ற பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தா.

அப்படியென்றால் அது ஊர்பேர் தெரியாதவன் நட்ட கம்பு, பிடுங்காமல் குந்தியிருந்தது செபமாலையின் பிழை என்று சங்கம் தீர்த்துவிட்டது. அடுத்த முறைக்கே எங்கள் வலை கடலில் இறங்கியது, ஆட்களுடைய வீடுகளில் அடுப்பு எரிகிறது. உன் பங்கை எங்கள் வலை இழுக்கிற பொன்னம்பலத்தின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். இதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை, வெட்கப்படவேண்டியது நீ. அம்மா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சோறு போடுகிறா, தேத்தண்ணி வைக்கிறா, வாய் திறப்பதில்லை. உன் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறா, நான் எடுக்கச் சொல்லவும் இல்லை.

இப்போது கனகலிங்கம் வந்து சொல்கிறான், மாரியில் வாடைக்காற்றுத் தொடங்கத் துரை பலகைகளோடு கூடாரமும் கொண்டு திரும்ப வருகிறாராம், உனக்கு அங்கே விசாக் கடதாசி சரிவந்தால் நீயும் வருகிறாயாம். வந்து பார். நீ அந்தத் துரையோடு எங்கள் கரையில் காலை வைத்த நேரமே அந்தோனியாருக்கு முன்னால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும், செபமாலை அதற்காகவே காத்திருக்கிறான், அதற்குப் பிறகு என் வலை ஒரு வருடம் அல்ல, என் காலம் முழுக்க மணலில் உக்கும். ஆகவே துரையைத் தடுப்பது உன் வேலை. அலைதான் வேண்டுமென்றால் பொத்துவில் பக்கம் போகச் சொல், அங்கே வெள்ளைக்காரர் பலகையோடு முந்தியே போய்வருகிறவர்களாம். இல்லை மணற்காடுதான் வேண்டும் என்று நின்றால், வாடைக்கு இங்கே அலை ஆளைத் தூக்கி அடித்து முள்ளந்தண்டை முறிக்கும் என்று சொல். சோளகத்துக்கு வருகிறேன் என்றால், அது கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று, பாய் விரித்தவன் வங்காளத்தில்தான் இறங்குவான் என்று சொல். இரண்டும் உண்மை, நீ பொய் சொல்லத் தேவையில்லை. முடியாதென்றால் அந்த வேலையை விடு. கோப்பை கழுவினாலும் பிழைக்கலாம்.

படத்தில் உன் இடுப்பில் கயிறும் இல்லை, மிதக்கிற சட்டையும் இல்லை. அந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் கை விறைத்துவிடும், பிறகு பலகை என்ன, கப்பலே பக்கத்தில் நின்றாலும் பிடிக்க ஏலாது. கட்டிக்கொண்டு ஏறு. பூசைக்குப் போ. இருமலுக்கு அம்மா வேர்க்கொம்பு இடித்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறா, கொழும்புக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அனுப்புவா.

துரை வரமாட்டார் என்று நீ எழுதவேண்டும், ஆவணிக்கு முதல் எழுதவேண்டும், மறக்காதே. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்று அம்மா செவ்வாய்க்கிழமைகளில் உனக்காக மெழுகுதிரி கொளுத்துகிறா, அவவின் மன்றாட்டு உன்னைக் காக்கட்டும். வழக்கமாக நான் இந்த இடத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வைப்பேன் என்று உனக்குத் தெரியும். சுரூபத்துக்கு முன்னால் சொன்ன வாய்க்கு மாறாகக் கை எழுதக்கூடாது. உன்னுடைய பதில் வரட்டும். அதுவரைக்கும் அம்மாவின் கையெழுத்து மட்டும்தான்.

உன் அன்புள்ள அம்மா,
பூரணம்.

எழுதிக்கொடுத்தது: ம. நீக்கிலாப்பிள்ளை, சம்மாட்டி.