சுவரில் தோள் பட்ட இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் ஓயவில்லை. "வயசாச்சு, வீம்பு மட்டும் குறையல" என்று தினமும் எனக்குத் திட்டு.

நேற்று கோட்டைக்குப் போனேன். நீ ராப்பகலாக உழைத்து அதை அருங்காட்சியகமாக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. நீ வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, வீட்டுப் பக்கமே வராமல் இருப்பதும் அதே ஒன்றரை வருடம்தான்.

உள்ளே போனதும் அசந்துபோனேன். அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த உப்புக் கிடங்கா இது! பீரங்கி வைத்த துளைகளையெல்லாம் சுத்தம் செய்து, கடல் தெரிய விட்டிருக்கிறாய். வாள், கப்பல் மணி எல்லாம் அழகுதான். ஆனால் கூட்டம் நிற்பது சரிவுப் பாதையில். மூட்டை சுமந்தவர்களின் தோள் உரசி உரசி வழவழப்பான சுவர் என்று எழுதி, கயிறு கட்டி, விளக்கும் போட்டிருக்கிறாய். எத்தனை பேர் பார்த்த சுவர், உன் கண்ணில்தான் பட்டிருக்கிறது. நான் கையை நீட்டினேன். காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, தொடக்கூடாது" என்றார். பன்னிரண்டு வருடம் நான் தேய்த்த சுவரம்மா அது! சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பக்கத்திலேயே அந்தப் புகைப்படம். தோளில் மூட்டையுடன் எட்டுப் பேர். கீழே ஏழு பேருடைய பெயர். எட்டாவதாக, பெயர் வெளியிட விரும்பாதவர். அங்கே நின்ற ஒரு பெண்மணி தன் கணவரிடம், "என்ன தப்பு பண்ணாரோ பாவம்" என்றாள்.

கிடங்கில் மேஜை வேலை பார்த்தேன் என்று உங்களிடம் காலமெல்லாம் புளுகியவன் நான். நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்து கேட்டபோது, "என் பேரு அங்க வந்துச்சுன்னா உனக்கு அப்பன் இல்ல" என்று கத்தினேன். உன் வேலையைக் குப்பை பொறுக்குவது என்றும் சொன்னேன். நீ நினைத்திருந்தால் என் பெயரைப் போட்டிருக்கலாம், இல்லை படத்தையே வைக்காமல் விட்டிருக்கலாம். என் பேச்சையும் மீறவில்லை, அந்த ஏழு பேரையும் விட்டுக்கொடுக்கவில்லை. பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். பெயரைப் போடுவதற்கான சம்மதப் படிவம் கொடுத்தார்கள். பெயர், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் எழுதி முடித்தேன். கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வாரமே பலகையை மாற்றிவிடுவதாக அதிகாரியம்மா சொன்னார். நான் கொடுக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தபாலிலும் அனுப்ப மாட்டேன். உன் கையில்தான் கொடுப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள். விடுப்பு கிடைத்ததும் வந்து வாங்கிக்கொள்ளம்மா.

இப்படிக்கு,
கோட்டைக் கிடங்கில் மூட்டை தூக்கிய
உன் அப்பா