மாற்றிக்கொண்ட தண்ணீர்

ஜூன் 9

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நலம். உங்கள் முதுகுவலியைத் தவிர அங்கேயும் எல்லாம் நலம் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் நீங்கள் பலர் சேர்ந்து தங்கும் அந்த அறையில் ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். நாமும் சிரித்து மழுப்பிவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

இந்த வாரம் பத்தாம் வகுப்புக்குப் பால்வினை நோய்கள் பற்றிப் பாடம் எடுத்தேன். தலைமையாசிரியை, "திரையை இழுத்து விட்டுட்டு மெதுவா பேசுங்க" என்றார். கள்ளச் சரக்கு விற்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. திரை போட்டதில் ஆய்வகம் முழுக்க மீன்தொட்டி வெளிச்சம். பிள்ளைகள் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி மெல்ல நடந்தார்கள்.

ஆளுக்கொரு கிண்ணம் தண்ணீர் கொடுத்தேன். ஒரே ஒரு கிண்ணத்தில் மட்டும் சலவை சோடா மாதிரி ஒரு காரம் கலந்திருந்தேன். அதுதான் நோய். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இஷ்டப்பட்டவர்களோடு கொஞ்சம் தண்ணீரை மாற்றி ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். சிலருக்கு மட்டும் கிண்ணத்துக்கு மூடி போட்டிருந்தேன். அவர்கள் யாரோடு சேர்ந்தாலும் தண்ணீர் கலக்காது. அந்த மூடிதான் ஆணுறை. கடைசியில் எல்லாவற்றிலும் நிறம் காட்டும் மருந்து ஒரு சொட்டு. காரம் போய்ச் சேர்ந்த கிண்ணமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

கடைசிச் சுற்றில் ஒரு பெண்ணுக்கு ஜோடி கிடைக்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள். பாவமாக இருந்ததால் நானே ஒரு கிண்ணம் எடுத்து அவளோடு மாற்றிக்கொண்டேன். மருந்து விட்டதும் என் கிண்ணமும் சிவந்துவிட்டது. மூடி போட்டவை எல்லாம் அப்படியே தெளிவாக இருந்தன. எவ்வளவு அழகான நிறம் தெரியுமா? அந்த மங்கல் வெளிச்சத்தில் மேசை முழுக்கப் பூத்த மாதிரி இருந்தது. பயப்பட வேண்டியதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் வாய்பிளந்து நின்றோம்.

"டீச்சர், நீங்க என் ஒருத்தியோட மட்டும்தானே மாத்துனீங்க?" என்றாள் வாயாடி.

"ஆமா. ஆனா நீ அதுக்கு முன்னாடி யார் யாரோட மாத்துனன்னு எனக்குத் தெரியாதே."

"அப்போ நிஜத்துல நீங்க டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "இல்ல" என்றேன். வெட்கமாகிவிட்டது.

ஆகஸ்டில் வருகிறீர்கள். இந்த முறை குழந்தை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் நான் பரிசோதித்துக்கொள்ளப் போகிறேன். நீங்களும் அங்கேயே ஒருமுறை செய்துகொண்டு வாருங்கள். செய்வீர்கள்தானே?

உங்கள்,
டீச்சரம்மா


ஜூன் 24

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. ஹோட்டல் சலவைக்கூடத்தில், விரிப்புகள் காயும் இடத்தில் நின்று படித்தேன். நீராவியில் வெள்ளை விரிப்புகள் தாமாக ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் நின்றால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். வழக்கமாக அங்கே நீ இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அன்று நினைக்க முடியவில்லை.

ஒரு கிண்ணம் தண்ணீர் சிவந்ததற்கு என் மேல் சந்தேகமா? வேலைக்குச் சேரும்போதே என் ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எடுக்கும் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி நீ கேட்பாய் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

உன்னவன்


ஜூலை 8

என் அன்புக்குரியவருக்கு,

கோபித்துக்கொண்டாலும் பதில் எழுதினீர்களே, அதுவே போதும்.

சந்தேகம் என்றால் உங்களை மட்டும்தான் போகச் சொல்லியிருப்பேன். நான் போய் வந்துவிட்டேன். காத்திருக்கும் இடத்தில் பச்சை நாற்காலிகள். எல்லாரும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுத்த நர்ஸ் என்னைப் பற்றி ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். "கைய மடக்கி வச்சுக்கோங்கம்மா" என்றார், அவ்வளவுதான். நானோ நேற்றுவரை ஊரே என்னைப் பார்க்கும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை.

தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் தொந்தரவே காட்டாமல் பல வருஷம் உள்ளே இருக்கும் என்பதுதான் பிள்ளைகள் எவ்வளவு சொன்னாலும் நம்பாத விஷயம். நீங்களும் அவர்கள் மாதிரியே இருக்கிறீர்கள். நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், போய்விட்டு வாருங்கள்.

உங்கள்,
டீச்சரம்மா


ஜூலை 27

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் முதல் கடிதம் என் தலையணைக்கடியில் இருந்ததை அறையில் இருக்கும் இஸ்திரிக்காரர் பார்த்துவிட்டார். என்ன சங்கதி என்று நச்சரித்தார். கிண்ணக் கதையைச் சொன்னேன். எல்லாரும் கேலி செய்தார்கள். அப்புறம் மெதுவாக ஒவ்வொருவராக வந்து, "அந்த மூடி விஷயம் என்ன?" என்று கேட்டார்கள். ஊருக்குப் போகும் நாளை நினைத்துக்கொண்டு எல்லாருக்குள்ளும் ஏதோ ஒரு பயம் இருந்திருக்கிறது.

உன் மருந்து எங்களிடம் ஏது? ஆனால் மஞ்சள் கறையில் சலவை சோடா பட்டால் சிவக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம், டீ கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் சோடா போட்டு, மாற்றிக்கொண்டு, மஞ்சள் தூளைத் தூவினோம். ஜன்னலோரம் வரிசையாகச் சிவந்தது. மீசை நரைத்தவர்கள் எல்லாம் குழந்தைகள் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இஸ்திரிக்காரர்தான், "நாளைக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்டா" என்றார். போனோம்.

எனக்கு இருக்கிறது. சிஃபிலிஸ். ஊசியில் குணமாகிவிடும் என்கிறார் டாக்டர். முதல் ஊசி போட்டாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். யாரோடு பழகினீர்களோ அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்கள். சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன்.

பயணச்சீட்டைத் தள்ளிப்போடட்டுமா, அல்லது வரவே வேண்டாமா என்று நீ சொல். எப்படியானாலும் எனக்குச் சரிதான்.

உன்னவன் என்று எழுதக் கை வரவில்லை.


ஆகஸ்ட் 11

வணக்கம்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி என்ற அந்த வார்த்தை வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரமாகத் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. நீங்கள் சொல்லாமலே வந்திருக்கலாம், எனக்கும் வயிற்றில் வரப்போகும் குழந்தைக்கும் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லையே என்று நன்றி சொல்லவும் தோன்றுகிறது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

"மறைக்காம சொல்லிடணும்" என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்னால் கேட்கிறவள் என்ன செய்ய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அந்தப் பெண் பரிசோதனைக்குப் போனாளா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்கும் ஊசி வேண்டும்.

ஊசிகளை முடித்துவிட்டு வாருங்கள். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், குழந்தைப் பேச்சைத் தள்ளிப்போடுவோம். விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். மாடியறையைக் கூட்டி, உங்களுக்குத் தனியாகப் படுக்கை விரித்து வைக்கிறேன். சாப்பிடக் கீழே இறங்கி வரலாம். மீதியை எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி