தண்ணீர் பச்சையான வாரம்

என் அருமைச் சம்பந்தியம்மா,

நீங்கள் இருந்திருந்தால் இந்த வாரம் நான் மீன் கூடையோடு தனியாக நடந்திருக்க மாட்டேன். எல்லாம் நம் பேத்தி மலர்விழியால்தான். அவளால் என்று சொல்வதில் எனக்குப் பெருமையும் உண்டு, கேளுங்கள்.

அவள் இப்போது கடல் தண்ணீரைக் கண்காணிக்கிற வேலையில் இருக்கிறாள். மேலே சுற்றும் செயற்கைக்கோள் எடுக்கிற படத்தில் தண்ணீரின் நிறம் தெரியுமாம். பாசி திடீரென்று பெருகினால் அந்த இடம் பச்சையாகும். ஆனால் அது விஷப் பாசியா, வெறும் பாசியா என்று படம் சொல்லாது. படகில் போய்த் தண்ணீர் அள்ளிவந்து பார்க்க வேண்டும். ஐந்தாவது படித்த எனக்கே புரியும்படி சொன்னாள்.

போன வாரம் விடியலில் நம் முத்துப்பேட்டைக் காயலில் மடவை மீன் மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. வலையே வேண்டாம், கையால் அள்ளலாம். பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். நானும் கூடை நிறைய அள்ளினேன்.

அப்போதுதான் மலர் போன் செய்தாள். "அம்மாச்சி, படத்துல காயல் முழுக்கப் பச்சையா இருக்கு. தண்ணிய எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்த மீனை யாரும் விக்க வேண்டாம், திங்கவும் வேண்டாம்."

என் கூடையை முதலில் குழிவெட்டிப் புதைத்தேன். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காளியம்மா கேட்டாள், "ஏங்க, மேலேருந்து பாக்குறவளுக்கு எங்க அடுப்புல பூனை தூங்குறது தெரியலையா?" எல்லோரும் சிரித்தார்கள். இருந்தாலும் என் முகத்துக்காக மீனைக் கொட்டினார்கள்.

வயலெல்லாம் இறால் குட்டையானபோது போலீஸ் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் நீங்கள். அந்தக் குட்டைத் தண்ணீரும் வயல் உரமும் இறங்கித்தான் பாசி கொழுக்கிறதோ என்று மலருக்குச் சந்தேகம். நீங்கள் இருந்தால் யார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்?

மலர் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துப்போனாள். பரிசோதனை முடிந்ததும் அவளே வந்து ஏலம் விடுகிற இடத்தில் எல்லோர் முன்னாலும் நின்றாள். "விஷப் பாசி இல்லங்க. பாசி பெருகி, தண்ணியில காத்துக் குறைஞ்சு, மீன் மூச்சுமுட்டிச் செத்திருக்கு. நீங்க கொட்டுனது நல்ல மீனாக்கூட இருந்திருக்கும். அப்ப எனக்குத் தெரியாது."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து கூடையைத் தலையில் தூக்கிவிட ஒரு கை வரவில்லை. நானே தூக்குகிற அளவுக்குப் பாதிக் கூடைதான் நிரப்புகிறேன்.

அதை ஏன்டி சொன்னாய், சும்மா இருந்திருக்கலாமே என்று மலரிடம் கேட்டேன். "மறைச்சா, நெசமாவே விஷம் வர்ற அன்னைக்கு யாரு நம்புவா, அம்மாச்சி?" என்றாள். சொன்னதால் மட்டும் நம்புவார்களா? எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிர்ந்த கழுத்து என் வழி என்று சொல்லத்தான் ஆசை. இல்லை, உங்கள் வழிதான்.

மழைக்காலம் வருகிறது. மேகம் மூடினால் படத்தில் தண்ணீர் தெரியாதாம். நிறம் மாறினால் நீங்கதான் சொல்லணும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். காலையில் எழுந்ததும் கரைக்குப் போய்ப் பார்க்கிறேன். அவள் மறுபடி வேண்டாம் என்றால், மறுபடி வீடு வீடாகப் போவேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் பேத்திக்கு மிச்சமிருக்கும் ஒரே பாட்டி,
ராசாத்தி