கேட்டு வாங்கிய தள்ளுதற்சீட்டு

1934 மே 6, ஞாயிறு. பாக்தாத்

வெண்டைக்காய்க் குழம்பில் போடும் குப்பா உருண்டைக்கு இறைச்சி இடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து நின்று, "கொஞ்சம் புளிப்பு கூடப் போடு, அவ வாய்க்கு வேணுமாம்," என்றார். அவள் என்றால் லுலுவா. என் கணவர் மனாஷே பிப்ரவரியில் கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் மனைவி. பதினெட்டு வயது. அமாரா படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவரின் மகள்.

புளிப்பு எதற்கென்று நான் கேட்கவில்லை. மாமியார் முகமே சொல்லிற்று.

பத்து வருஷம் பிள்ளை இல்லாதவன் இன்னொருத்தியைக் கட்டலாம். எங்கள் யூதச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினேன். வேண்டுமென்றேதான்.

மே 7

உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு அக்கா."

யாருக்கு யாரடி அக்கா?

மே 22

இன்று மனாஷே என்னைத் தனியே கூப்பிட்டு ஏற்பாட்டைச் சொன்னார். ஏதோ கடையில் வேலை நேரம் பிரிக்கிற மாதிரி. "உன் அறை உன் அறைதான் கத்தூன், எவளும் தொடமாட்டா. மூணு நாள் அங்க, மூணு நாள் இங்க."

"ஏழாவது நாள்?"

கொஞ்சம் யோசித்தார். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."

அப்போதே அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 3

விவாகரத்துக்குத் தள்ளுதற்சீட்டு கேட்டு அனுப்பினேன். தரமாட்டாராம். "ரெண்டு பேரையும் நல்லா வச்சுக்குவேன்" என்று அண்ணன் ஹெஸ்கேலிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு இரண்டு மனைவி. எனக்கு அரைக் கணவன். அந்த அரையை விட்டுத் தொலைக்கவும் அவர்தான் மனம் வைத்து எழுதித் தர வேண்டும்! இதை எழுதிவைத்தவர்கள் வீட்டில் பெண்களே இல்லையா?

ஜூன் 11

எங்கள் ரப்பி ஹாகாம் யஹூதா நேரில் வந்தார். இந்தப் பக்கத்தில் திருமணமும் விவாகரத்தும் அவர் கையால்தான். தேநீரைத் தொடவில்லை.

"மகளே, மத்தவங்க வீடுன்னா நானே எழுதி வாங்கிக் கொடுத்துடுவேன். புருஷனுக்கு மனசு மாறினா, நடுவுல நீ வேற கல்யாணம் பண்ணலேன்னா, மறுபடியும் சேர்ந்துக்கலாம். ஆனா மனாஷே ஆசாரியக் குலம், கோவில்ல பூசை செஞ்ச ஆரோன் வம்சம். தள்ளப்பட்டவளை ஆசாரியன் கட்டக்கூடாது. தானே தள்ளினவளாயிருந்தாலும் கூடாது. எழுதினா எழுதினதுதான்."

"அப்ப நல்லதாப் போச்சு."

"அப்படிச் சொல்லாதே. அந்தக் காலத்துல ஆசாரியனுங்க முன்கோபக்காரங்க. அதனால அவங்களுக்குன்னு சீட்டை வரிக்கு வரி மடிச்சு, தைச்சு, மடிப்புக்கு மடிப்பு சாட்சிக் கையெழுத்து வாங்குவாங்களாம். அது முடியறதுக்குள்ள கோபம் ஆறிடும்னு."

"புருஷனோட கோபத்துக்கு இவ்வளவு தையல் போட்டாங்க, ஐயா. பொண்டாட்டியோட கோபத்தை யாராவது நினைச்சாங்களா?"

அப்போதுதான் ஹாகாம் தேநீரை எடுத்துக் குடித்தார்.

ஜூலை 16

முடிந்தது.

சமரசம் பேசத்தான் சபைக்கு அழைத்திருந்தார்கள். நான் வேறு முடிவோடு போனேன். மனாஷேக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? மூன்று ரப்பிகள் முன்னால், அவர் கடைக்காரச் சிநேகிதர்கள் முன்னால் கேட்டேன்: "ஜெபக்கூடத்துல கையைத் தூக்கி ஊரையே ஆசீர்வாதம் பண்றீங்களே, வீட்ல எந்த அறையில தூங்கறதுன்னு அம்மாவைக் கேட்கணுமா? இப்பவும் கேட்டுட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மனாஷே முகம் சிவந்து எழுந்தார். "எழுதுங்க! இப்பவே எழுதுங்க!"

ஹாகாம் தடுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போய் யோசி, நாளைக்கு வா என்றார். எழுதுகிறவரின் இறகு உடைந்தது, மை கொட்டியது — வேண்டுமென்றே நேரம் கடத்தினார்கள் போல. மனாஷே உட்காரவே இல்லை. "உன் மனசாரத்தானா?" என்று ஒருமுறைக்கு மேல் கேட்டார்கள். "ஆமா, ஆமா!"

கைகளைச் சேர்த்து ஏந்தச் சொன்னார்கள். சீட்டை அதில் போட்டார். "இதோ உன் தள்ளுதற்சீட்டு. என்னை விட்டு நீங்கினாய்." குரல் கடைசியில் உடைந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்து காட்ட வேண்டும், அதுதான் முறை. நடந்தேன்.

ஜூலை 18

நான் ஜெயித்தேன். அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

ஆகஸ்ட் 2

மூன்று மாதம் வேறு கல்யாணம் பேசக்கூடாதாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். பிள்ளை இல்லை என்றுதானே ஐயா இத்தனையும்!

செப்டம்பர் 16

மனாஷே வந்தார். அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம். முற்றத்திலேயே நிற்க வைத்தேன். இளைத்திருக்கிறார். ஹாகாமின் காலில் விழாத குறையாகக் கேட்டாராம். வழியே இல்லை என்றுவிட்டாராம்.

"பம்பாய் போயிடலாம், கத்தூன். மாமா அங்க இருக்கார். நம்ம ஜனம் அங்க ஆயிரக்கணக்குல இருக்கு. நான் ஆசாரியன்னு சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்? நீயும் நானும் மட்டும். அம்மாகூட வேண்டாம்."

அம்மாகூட வேண்டாம். பத்து வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஒரு நிமிஷம்... இங்கே பொய் எழுதுவானேன், ஒரு நிமிஷம் அல்ல. மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் கேட்டேன். "லுலுவா?"

"அவ அம்மாகூட இருப்பா. பணம் அனுப்பிடலாம்."

"அவளுக்குச் சீட்டு?"

"அவளுக்கு எதுக்கு? நாமதான் திரும்பி வரப்போறதில்லையே."

லுலுவாவுக்குப் பதினெட்டு வயது, வயிற்றில் இவன் பிள்ளை. இவன் கடல் தாண்டிப் போய்விடுவான். அவள் கிழவியாகும்வரை கட்டினவளும் இல்லை, விட்டவளும் இல்லை. இன்னொருவன் கையைப் பிடித்தால் விபசாரி, அவனுக்குப் பெறுவது முறைகெட்ட பிள்ளை. இதெல்லாம் தெரிந்த மனிதன், கண்ணில் தண்ணீரோடு, என்னைக் காதலிப்பதாக நிற்கிறான்!

"போடா வெளியே!" என்றேன். பத்து வருஷத்தில் முதல் 'டா'.

செப்டம்பர் 17

அந்த வீட்டுப் படியை மறுபடி மிதித்தேன். மாமியார் வழிமறித்தார். "தள்ளி வச்சவளுக்கு இங்க என்னடி வேலை?"

"உங்க மருமககிட்டப் பேசணும். இப்ப இருக்கிற மருமக."

லுலுவா கிணற்றடியில் இருந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். நனைந்த கையைப் பாவாடையில் துடைத்தாள். "நீங்க ஏன் போகல, அக்கா?"

"எனக்குச் சீட்டு இருக்கு. உனக்கு இல்ல. அதான்."

"எங்கப்பாவுக்குத் தந்தி அடிக்கணும். காசு குடுப்பீங்களா?"

கொடுத்தேன்.

அக்டோபர் 14

அமாராவிலிருந்து அவள் அப்பாவும் இரண்டு மாமன்களும் வந்துவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் மனாஷேயின் கடை எதிரில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு வாடிக்கையாளரும் உள்ளே நுழையவில்லை.

ஹாகாம் வழி சொன்னார். பயணம் போகிறவன் நிபந்தனையோடு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அடுத்த ஏப்ரலில் பஸ்கா பண்டிகை முடிவதற்குள் திரும்பி வராவிட்டால் அது செல்லும். வந்துவிட்டால் செல்லாது. "யாரும் உன்னை அடிக்கல, மிரட்டல, அப்படித்தானே?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். லுலுவா வயிற்றுக்கு மேல் கைகளைச் சேர்த்து ஏந்தினாளாம்.

அக்டோபர் 30

மனாஷே பம்பாய்க் கப்பல் பிடிக்க பஸ்ரா ரயிலில் போய்விட்டார். தனியாக.

டிசம்பர் 9

லுலுவாவுக்குப் பெண் குழந்தை. "பெண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் வெளியே போனாராம். இன்னும் எத்தனை பேரைத்தான் கட்டிவைப்பாய், கிழவி? மகனே ஓடிவிட்டான்!

1935 பிப்ரவரி 17

லுலுவா குழந்தையோடு வந்தாள். அங்கே இருக்க முடியவில்லையாம். அண்ணன் முகம் சுளித்தார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். கைவேலையில் கெட்டிக்காரி. இருவரும் கல்யாணப் பெண்களுக்குத் தைக்கிறோம். குழந்தை இராத்திரி முழுவதும் கத்துகிறது. எரிச்சல்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வியாழனோடு பஸ்கா முடிந்தது. மனாஷே வரவில்லை. இன்று ஹாகாம் அவளைக் கூப்பிட்டு, சீட்டு செல்லும், விடுதலை என்றாராம். ஆனால் பால்குடி மறந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை கல்யாணம் கூடாதாம். இன்னும் ஒரு விதி! நான் திட்ட வாய் திறந்தேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொண்ணும் சொன்னார், அக்கா. இனிமே எந்த ஆசாரியனும் நம்ம ரெண்டு பேரையும் கட்டவே முடியாதாம்."

ஒரு கணம் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிப்பு. ஊசி எங்கேயோ விழுந்தது. குழந்தை விழித்து அலறியது. சிரிப்பு அடங்காமலே அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். ஒரு கண்ணால் ஊசியைத் தேடினேன்.